மணியாட்டம் இருந்த கேமரா

குழித்துறைக்காரரே, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. பழைய கேமராவை என் கையில் தந்தபோது "சாதனம் மணியாட்டம் இருக்கு, கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றீர்கள். கண்ணை மூடியது என் தப்பு. மூடச் சொன்னது உங்கள் தப்பு. உங்கள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும். 'நீங்கள்' என்று மரியாதை கொடுத்து எழுதுவதும் உங்களுக்காக இல்லை. (என் மனைவி ஸ்டெல்லா படித்துப் பார்த்துத்தான் இதை வெளியே விடுவாள்.)

இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியாகிவிட்டது. டீக்கடையில், கல்லறைத் தோட்டத்தில், பல் பிடுங்கப் போன இடத்தில்கூட. வாய் அலுத்துவிட்டது. ஒரே தடவையாக எழுதிவைத்துவிட்டால், இனிக் கேட்கிறவனிடம் தாளைக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கலாம்.

கடியப்பட்டணத்தில் நான் எஞ்சின் மெக்கானிக். வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின். எங்கள் பக்கம் பழைய எஞ்சின் வாங்கப் போகிறவன் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவான். உப்புத் தின்ற எஞ்சினுக்குப் புதுப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன். விற்கிறவன் அளவுக்கு மீறி உபசரித்தால், டீயோடு நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த ஏத்தம்பழ அப்பமும் வந்தால், உள்ளே பிஸ்டன் போய்விட்டது என்று அர்த்தம். இருபது வருஷ அனுபவம் இது. (உங்கள் வீட்டில் எனக்கு ஏத்தம்பழ அப்பம் மூன்று வைத்தீர்கள். மூன்றையும் தின்றேன்.)

என் புத்தி கெட்டது கடற்கரையில்தான். வெளியூர்க்காரர் ஒருவர் வள்ளங்களைப் படம் எடுக்க வந்திருந்தார். கையில் சின்னதாக, கறுப்பாக, நல்ல கனத்தில் ஒரு கேமரா. வாங்கிப் பார்த்தேன். மேலே சின்ன ஜன்னல் மாதிரி ஒரு கண்ணாடி. அதற்குள் பார்த்தால் எதிரில் நிற்கிறவன் இரண்டாகத் தெரிகிறான். ஒருவன் நிஜம், ஒருவன் நிழல். லென்ஸைக் கையால் திருப்பத் திருப்ப இருவரும் நகர்ந்து ஒன்றாகிறார்கள். ஒன்றானதும் அமுக்க வேண்டும். அதற்குப் பெயர் ரேஞ்ச் ஃபைண்டராம். அந்தக் காலத்துப் பிலிம் கேமராவில் இருந்த முறை. இது அதிலேயே டிஜிட்டலாக வந்தது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏனென்றால் இது எங்கள் கணியம். நடுக்கடலில் மீன் கிடைக்கிற பாறை எங்கே என்று கண்டுபிடிக்க, கரையில் தெரிகிற கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் உள்ள மலையையும் ஒரே கோட்டில் சேர்த்துப் பார்ப்பார்கள். சேர்ந்தால் இடம் சரி. அதைத்தான் கணியம் என்போம். கணியம் பார்க்கிற கேமரா! இது கடற்கரைக்காரனுக்காகவே செய்தது என்று முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் கணியத்தில் கெட்டிக்காரர் லூர்து பெரியப்பா. அவரிடம் இந்தக் கேமராவைப் பற்றிச் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் ஆறு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. நான் அவருக்கு ஒரு பழைய எஞ்சின் விற்றிருந்தேன். அது மூன்றாவது வாரமே பாதிக் கடலில் நின்றது. இன்னொரு வள்ளம் கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தது. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. பெரியப்பா ஈரத் துண்டோடு நேராக என்னிடம் வந்தார்.

"எஞ்சினு கெட்டதுன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதால?"

"கடல்ல எதுவும் நடக்கும் பெரியப்பா" என்றேன்.

அவர் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு போனார். அதோடு சரி.

இனி என் தங்கை பெனிட்டாவின் கல்யாணம். மாப்பிள்ளை சகாயம் பஹ்ரைனில் மீன்பிடி லாஞ்சில் வேலை பார்க்கிறவர். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் விமானம் ஏற வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் லீவு கிடையாது. பெனிட்டா நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை.

"அண்ணே, ரெண்டு பேரும் சிரிச்சிட்டு நிக்கிய மாதிரி ஒரு நல்ல படம் போதும். அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ரெண்டு வருசம் அத வச்சிட்டுத்தான் ஓட்டணும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். அதைத்தான் நான் கெடுத்தேன்.

ஸ்டூடியோக்காரன் அட்வான்ஸ் வாங்க வந்தபோது, "வேண்டாம், நானே எடுக்கேன்" என்று திருப்பி அனுப்பினேன். அவன் என் கையில் இருந்த கிரீஸைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் போனான். நல்ல பையன்.

பழைய கேமரா வாங்கி விற்கிற குரூப் ஒன்றில் போன் வழியாகச் சேர்ந்திருந்தேன். அதில் உங்கள் விளம்பரம் வந்தது அந்த வாரம்தான். கூடவே நீங்கள் அதில் எடுத்த படங்கள். மழையில் ஆற்றங்கரைப் படிக்கட்டு, கிழவர் ஒருவரின் கை, சாய்த்து வைத்த குடை. எல்லாம் கறுப்பு வெள்ளை. அடேயப்பா, என்ன கலை என்று நினைத்தேன். மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

உங்கள் வீட்டில் நான் கேமராவைச் சோதித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், உலகம் சிரிக்கட்டும். கையில் தூக்கிப் பார்த்தேன், கனம் இருந்தது. காதோரம் வைத்து அமுக்கினேன், சத்தம் சுத்தம். மோந்து பார்த்தேன். திருகாணிகளில் துரு இருக்கிறதா என்று பார்த்தேன். ஜன்னலில் கண் வைத்து ஆற்றின் அக்கரையில் நின்ற தென்னையைப் பார்த்தேன், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது. ஓர் எஞ்சினுக்கு என்னவெல்லாம் செய்வேனோ எல்லாம் செய்தேன். பெட்ரோல் ஊற்றிப் பார்க்காததுதான் பாக்கி.

"பின்ன எதுக்கு குடுக்கிய?" என்று கேட்டேன்.

"கண்ணு சரியில்ல மக்கா. இனி நமக்கு இதெல்லாம் ஆகாது கேட்டியளா."

என் மனம் இளகிவிட்டது. (அடுத்த மாதமே புதுக் கேமரா வாங்கி குரூப்பில் படம் போட்டீர்கள். உங்கள் கண் குணமானதில் எனக்கும் சந்தோஷம்தான்.)

வீட்டில் ஸ்டெல்லா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல கிட்ட இழுத்து எடுக்க முடியுமா?"

"முடியாது."

"தானா போக்கஸ் ஆகுமா?"

"ஆகாது."

"வீடியோ?"

"இல்ல."

"பின்ன இது என்ன எளவுக்கு?"

"ஏட்டி, இது பித்தளையாக்கும். நூறு வருசம் நிக்கும்" என்றேன். என்ன விலை என்று கேட்டாள். ஒரு தொகை சொன்னேன். அந்தத் தொகையையும் இங்கே எழுதமாட்டேன், உண்மைத் தொகையையும் எழுதமாட்டேன்.

அடுத்து நான் செய்த காரியத்தை எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டான். எங்கள் ஊரில் வள்ளமோ வலையோ ஆட்டோவோ, சாமியார் (எங்கள் பங்குப் பாதிரியார்தான்) வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் இறக்க மாட்டோம். எஞ்சினை மந்திரிக்கும்போது மூடியைக் கழற்றி வைப்போம். ஆசீர்வாதம் உள்ளே போக வேண்டுமே. அதே வழக்கத்தில் கேமராவின் லென்ஸைக் கழற்றி, உள்ளே தெரிகிறபடி பங்குச்சாமியார் முன்னால் நீட்டினேன்.

"ஏம்பா, இதுக்க உள்ளேயும் தெளிக்கணுமா?" என்றார். "தண்ணி பட்டா கெட்டுப்போகாதா?"

"வெளிநாட்டுச் சாமான் சாமி. தாராளமாத் தெளிங்க."

தெளித்தார். துணியால் துடைத்துவிட்டேன். தீர்த்தத்தில் மந்திரித்த உப்புப் போட்டிருப்பார்கள். உப்புத் தண்ணீர் இயந்திரத்தை என்ன செய்யும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான்.

மந்திரிக்கக் கொண்டுபோவதற்கு முன்னால் சோதனைப் படம் எடுக்காமலும் இல்லை. கடல் எடுத்தேன், தூரத்து வள்ளம் எடுத்தேன், என் கடையின் நீலக் கதவை எடுத்தேன். எல்லாம் நன்றாகத்தான் வந்தன. தூரத்துக்குச் சரி, கிட்டத்துக்குத் தப்பு என்று அந்த ஜன்னல் ஏமாற்றும் என்பதை நான் எங்கே கண்டேன்? கறுப்புக் கோட்டை எடுத்துப் பார்க்கவும் வழி இல்லை. எங்கள் ஊரில் கோட்டுப் போடுகிறவன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை மட்டும்தான்.

கல்யாணப் பூசை. பீடத்துக்கு முன்னால் நான்தான் ராஜா. போனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை எல்லாம் விரட்டினேன். "மாறுலே! மறைக்காத! போனக் கீழ போடு!" சித்தி மகள் முறைத்தாள். மாப்பிள்ளையின் அம்மாவையே ஓரமாகத் தள்ளினேன். தாலி கட்டுகிற நேரம் கேமராவின் பின்னால் சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது. முந்தின படத்தை அது இன்னும் கார்டில் எழுதிக்கொண்டிருக்கிறதாம். அமுக்கினேன், அசையவில்லை. தட்டினேன். மூன்று முடிச்சும் முடிந்த பிறகு 'டிக்' என்றது. அதில் சாமியாரின் முழங்கை விழுந்தது.

எடுத்த படத்தைத் திருப்பிப் பார்ப்பது கற்றுக்குட்டி செய்கிற வேலை என்று குரூப்பில் யாரோ எழுதியிருந்தான். அதனால் நாள் முழுக்க நான் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பயன் இல்லை, பின்னால் இருந்த சின்னத் திரையில் டீக்கறை மாதிரி ஒரு படலம். அதை நீங்கள் "பழசுக்க அழகு" என்றீர்கள்.

மறுநாள் காலை மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டேன்.

மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு ஊதாவாக இருந்தது. லேசான ஊதா இல்லை. பிஷப் அங்கியின் ஊதா. கோட்டு, பேன்ட் எல்லாம். அடுத்த படம், அதுவும் ஊதா. ஊதாவிலேயே அவர் கேக் வெட்டினார், ஊதாவிலேயே பெரியவர்களை வணங்கினார்.

முதலில் வாய் திறந்தது மாப்பிள்ளைதான்.

"மச்சான், எனக்கு எப்ப பிஷப்பு பட்டம் குடுத்திய?"

வீடே வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோதுதான் அடுத்ததைக் கவனித்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் எல்லாப் படத்திலும் பனிமூட்டத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஓரடி பின்னால் நிற்கிற ஒருவர் மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறார். அது லூர்து பெரியப்பா. மூக்கு முடியை எண்ணலாம். ஆறு வருஷமாக என் முகத்தில் முழிக்காத மனிதர் படம் படமாக என்னையே முறைத்துப் பார்க்கிறார். போதாததற்கு எல்லாப் படத்திலும் மேல் மூலையில் நற்கருணை அப்பம் மாதிரி வட்டமாக ஒரு வெள்ளைப் பொட்டு.

"அது சாமியாரு போட்டது" என்றாள் ஸ்டெல்லா.

பெனிட்டா சிரிக்கவில்லை. "அண்ணே, அவரு மொகம் ஒண்ணுலயாவது தெளியுமா?" என்று கேட்டாள். கடைசிப் படம்வரை தட்டிப் பார்த்தேன். இல்லை. அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

சரி, போனில் எடுத்தவர்களிடம் கேட்கலாம் என்றால், எல்லோருடைய போனிலும் ஒரே படம்தான். என் முதுகு. வியர்த்துச் சட்டை ஒட்டிய என் முதுகு, விதம் விதமான கோணத்தில், நல்ல தெளிவாக.

உங்களுக்குப் போன் செய்தேன். ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஏதும் பட்டுதா?" நான் அந்த நேரம் பொய் சொல்லத் தோன்றாமல் மந்திரித்த கதையை உளறினேன்.

"அது பாத்தியளா! அப்ப நான் பொறுப்பில்ல. சாமியாருகிட்ட கேளுங்க. எங்க சபையில தண்ணியெல்லாம் தெளிக்க மாட்டோம், ஜெபம் மட்டுந்தான்."

போனை வைத்துவிட்டீர்கள்.

எர்ணாகுளத்தில் ஒரு ரிப்பேர்க்காரரைப் பிடித்தேன். பொறுமையாகச் சொன்னார். வெளியே இருக்கிற பித்தளை நூறு வருஷம் நிற்கும், உள்ளே படம் பிடிக்கிற சில்லு நிற்காது. அது போனால் மாற்றுச் சாமான் இப்போது கிடைப்பதில்லை. கீழே ஒரு தடவை விழுந்தால் போதும், ஜன்னல் ஒன்றைக் காட்டும், படம் வேறொன்றைப் பிடிக்கும். ஊதா மட்டும் கேடே இல்லையாம். இந்த மாடல் பிறவியிலேயே அப்படித்தானாம். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒளியும் உள்ளே புகுந்து கறுப்பு நைலான் துணியை ஊதாவாக்கிவிடுமாம். லென்ஸுக்கு முன்னால் ஒரு தனிக் கண்ணாடி மாட்ட வேண்டும். "விற்றவர் அதைத் தரவில்லையா? வைத்திருந்தவருக்கு இது தெரியாமல் இருக்காதே" என்றார்.

அன்றைக்குத்தான் குரூப்பில் போய் உங்கள் பழைய படங்களை எல்லாம் மறுபடி பார்த்தேன். படிக்கட்டு, கை, குடை. ஒன்றுகூடக் கலர் இல்லை. குடை! கறுப்புக் குடை! அது கலை இல்லை ஐயா. எஞ்சினுக்குப் புதுப் பெயின்ட்.

மாப்பிள்ளை கிளம்ப நான்கு நாள் இருந்தது. ஸ்டெல்லா ஒரு செய்தி கொண்டுவந்தாள். பெரியம்மையிடம் கேட்டாளாம். பெரியப்பாவின் போனில் ஒரு படம் இருக்கிறதாம்.

போனேன். வேறு வழி இல்லை. பெரியப்பா வலை பின்னிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. போனை மட்டும் திருப்பிக் காட்டினார். பெனிட்டாவும் சகாயமும் பின்னால் திரும்பி அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். கோட்டு கறுப்பாக இருக்கிறது. முகம் இரண்டும் தெளிவு. அவர்களுக்குப் பின்னால் கலங்கலாக ஒருவன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேமராவோடு நிற்கிறான்.

"என்ன சொல்லிச் சிரிக்க வச்சிய?" என்றேன்.

"பாத்து நில்லுங்க மக்களே, அவன் எஞ்சினு மெக்கானிக்கு, மேல ஆயில ஊத்திருவான்னு சொன்னேன்."

"பெரியப்பா, இந்தப் படத்த அனுப்பிருங்க. பிள்ளைக்கு வேணும்."

"அனுப்பலாம். நான் ஒண்ணு கேட்டேம்லா, ஆறு வருசத்துக்கு முன்ன. அதுக்கு நீ பதில் சொல்லலியே."

"இப்பச் சொல்லுதேன்."

"எனக்குத் தனியாச் சொல்லாண்டாம். என்ன இழுத்துட்டு வந்தப்ப ஊரே நின்னு பாத்துல்லா? ஞாயிற்றுக்கிழமை பூச முடிஞ்சு கோயில் முத்தத்துல வச்சுச் சொல்லு. அதே ஊரு கேக்கட்டும்."

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் என் பிழைப்பே 'அவன் சொன்னா எஞ்சினு சரியா இருக்கும்' என்கிற ஒரே பேச்சில்தான் ஓடுகிறது. ஆனால் பெனிட்டா இரண்டு வருஷம் எதை வைத்து ஓட்டுவாள்? ஞாயிறு வந்தது. பூசை முடிந்தது. முற்றத்தில் எல்லோரும் நின்றார்கள். பெரியப்பா வெள்ளைச் சட்டையில், கைகட்டி, என் கேமராவில் விழுந்த அதே தெளிவோடு நின்றார்.

"பெரியப்பாக்குக் குடுத்த எஞ்சினுக்க பிளாக்குல வெடிப்பு இருந்தது. நான்தான் ஒட்டுப் போட்டு மேல பெயின்ட் அடிச்சேன். தெரிஞ்சுதான் வித்தேன்."

பின்னால் இருந்து ஒருவன் கேட்டான்: "ஊதா பெயின்டா மக்கா?"

அதன் பிறகு என்ன, பெரியப்பா அங்கேயே நின்று போனைத் தட்டிப் படத்தை அனுப்பினார். சகாயம் அதோடுதான் விமானம் ஏறினார். இரண்டு மாதம் கடையில் ஈ ஓட்டினேன். இப்போது வருகிறார்கள். வந்து, "பெயின்ட சொரண்டிட்டுக் காட்டு" என்கிறார்கள். காட்டுகிறேன். பெரியப்பா பேசுகிறார், தினமும் பேசுகிறார், பேசாமல் இருந்த காலமே நிம்மதி. பஹ்ரைனிலிருந்து போன் வந்தால் வீட்டில் யாரும் சகாயம் என்று சொல்வதில்லை. "பெனிட்டா, பிஷப்பு கூப்பிடுதாரு" என்கிறார்கள். போன மாதம் வீட்டுக்குப் பழைய மிக்சி ஒன்று வாங்கினோம். ஸ்டெல்லா கடைக்காரனிடம் கேட்டது, "இது கறுப்பு வெள்ளையா, கலரா?"

கேமரா அலமாரியில் இருக்கிறது. உங்களிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வெள்ளைப் பொட்டு என்னுடையது, அதை உங்கள் தலையில் கட்டமாட்டேன். ஊதா உங்களுடையது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கேமராவில் நீங்கள் எடுத்த கலர் படம் ஒன்றை, கறுப்புக் குடையின் கலர் படத்தை, விளம்பரம் போட்ட அதே குரூப்பில் எல்லோர் முன்னாலும் போடுங்கள். முடியாவிட்டால் ஒரு வார்த்தை எழுதுங்கள். எனக்குத் தனியாக மெசேஜ் வேண்டாம், போனும் வேண்டாம். நான் கோயில் முற்றத்தில் ஊர் முன்னால் நின்று சொன்னேன். நீங்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டே எழுதலாம்.

தெரியுமா, தெரியாதா?